பதினாலு வருஷப் பிக்கப்: இன்ஜின் கட்டுவதா, புது வண்டி எடுப்பதா?

எங்கள் பிக்கப் 2012 மாடல். பி.எஸ் 3 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல், மெக்கானிக்கல் பம்ப், ஒன்றேகால் டன் தூக்கும் வண்டி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைச் சுற்றி முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் தோட்டங்களில் தக்காளி, முருங்கை, சின்ன வெங்காயம் ஏற்றி வந்து கமிஷன் கடையில் இறக்குவதுதான் வேலை. வாரத்தில் ஒரு நாள் தாண்டிக்குடிப் பக்கம் மலை ஏறி அவரையோ சௌசௌவோ எடுத்து வரும். மீட்டர் மூன்றே கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது.

போன வருஷம் அது 23 நாள் பட்டறையில் நின்றது. நிற்கிற நாளெல்லாம் தோட்டத்தில் பறித்த காய் காத்திருக்காது, 2,800 ரூபாய்க்கு வாடகை வண்டி பிடித்தேன். ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. மலையில் மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கியர் கேட்டது. பின்னால் பைக்கில் வருகிறவர் துண்டால் மூக்கைப் பொத்துவதைக் கண்ணாடியில் பார்க்கும்போது எனக்கே சங்கடமாக இருக்கும். இன்ஜின் வேலை பார்ப்பதா, புது வண்டிக்கு டியூ கட்டுவதா என்று நான்கு மாதம் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே நிலைமையில் இருக்கிற வண்டிக்காரர்கள் எங்கள் பக்கமே நிறையப் பேர்.

கேட்டவர்களில் பாதிப் பேர் சொன்னது ஒரே யோசனை: "ரிப்பேர் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் வித்துடு." இந்த வண்டியை இன்றைக்கு விற்றால் 1,90,000 வரும். பட்டறையில் சொன்ன மொத்தச் செலவு 1,80,000. அந்த யோசனைப்படி பார்த்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கே தப்பு என்பது என் முடிவு. விற்கிற விலை என்பது இன்னொருவர் எனக்குத் தருகிற தொகை. அந்தத் தொகைக்கு நல்ல ஓட்டத்தில் இருக்கிற பிக்கப் எனக்கு எங்கேயும் கிடைக்காது. அதனால் ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு நிறுத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, அடுத்த மூன்று வருஷம் வேறு எந்த வழியில் காய் ஏற்றுவோமோ அந்த வழியின் செலவோடுதான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் மெக்கானிக் தம்பி. நான் இன்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு, "அண்ணே, இன்ஜினை எத்தனை தடவை வேணும்னாலும் கட்டிக்கலாம். கீழ வந்து இதைப் பாருங்க" என்று சாக்கை விரித்துப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். சேசிஸ் தண்டை, அதாவது லோடு முழுவதையும் தாங்குகிற அடிச்சட்டத்தை, முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீர் என்று சத்தம். பின் பட்டை (இதழ் ஸ்பிரிங்) மாட்டியிருக்கிற பிராக்கெட் பக்கம், இடது கைப்புறம் வந்ததும் சத்தம் கொஞ்சம் அடைத்த மாதிரி மாறியது. அந்த இடத்தில் துரு செதில் செதிலாக உரிந்து முகத்தில் விழுந்தது. ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து அழுத்திக் குத்திப் பார்த்தார். உள்ளே இறங்கவில்லை. கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டியதும் அடியில் வெள்ளை இரும்பு தெரிந்தது. "மேல்தோல்தான் போயிருக்கு, ஓட்டை இல்லை, விரிசலும் இல்லை. இன்னும் ஓடும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் வண்டிக்கு ரிப்பேர் என்கிற வாய்ப்பே உயிரோடு வந்தது. ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கியிருந்தால் இதற்கு மேல் எந்தக் கணக்கும் தேவைப்பட்டிருக்காது. பட்டை பிராக்கெட் பக்கம் விரிசல் விட்ட சேசிஸில் ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே லோடு ஏறியதும் மறுபடி விரிசல் விடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஐஸ் தண்ணியும் உப்பும் ஒழுகுகிற மீன் வண்டி, யூரியாவும் பொட்டாஷும் சிந்துகிற உர வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜினை விட்டுவிட்டு முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அந்த வண்டிகளுக்கு ஐந்தாறு வருஷத்திலேயே அடிப்பாகம் போய்விடும். பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், இன்ஜின் நன்றாகவே ஓடும், ஆனால் கீழே தண்டு பிஸ்கட் மாதிரி உதிரும்.

சேசிஸ் பாஸ். அப்புறம் இன்ஜின். ஓடுகிற நிலையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப் குப்பென்று புகை வந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிகிற காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். கம்ப்ரஷன் அளந்ததில் மூன்று சிலிண்டர் 330-லிருந்து 340 பி.எஸ்.ஐ, நாலாவது 260. கியர் பாக்ஸில் முனகல் இல்லை, பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரத்திலும் சத்தம் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து போயிருந்தால் செலவு இன்னும் அறுபது எழுபதாயிரம் ஏறியிருக்கும், நான் வேறு முடிவுக்கு வந்திருப்பேன்.

பட்டறைச் சீட்டில் இருந்த தொகைகள் இவை. போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து), புது பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை, கேஸ்கெட் எல்லாம் சேர்த்து இன்ஜினுக்கு 82,000. பம்பும் இன்ஜெக்டரும் பெஞ்சில் வைத்துச் சரிபார்க்க 21,000. கிளட்ச் செட் 11,000. பின் பட்டையில் இரண்டு இதழ், ஷேக்கிள் புஷ் 14,000. நாலு டயர் 26,000. டிங்கரிங், தளத் தகடு, பெயிண்ட் 26,000. ஆக 1,80,000.

சென்னை புதுப்பேட்டையில் கழற்றின இன்ஜினாக வாங்கி மாட்டிவிட்டால் பாதிச் செலவில் முடியும் என்றார் ஒருவர். மாட்டலாம்தான். ஆனால் பிளாக் மாறினால் இன்ஜின் நம்பரும் மாறும், அதை ஆர்.டி.ஓ ஆபீஸில் காட்டி ஆர்.சி புத்தகத்தில் ஏற்றியாக வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் எஃப்.சி (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற சான்று) காட்டும்போதும் மாட்டும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டும். அந்த இன்ஜின் முன்னால் எத்தனை லட்சம் ஓடியது என்பதற்கும் யாரும் பொறுப்பு இல்லை. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இனி புது வண்டி. 2005-இல் டாடா ஏஸ் வந்து ஊரெல்லாம் குட்டி யானை ஆனதிலிருந்து சின்ன லோடு வண்டிக்கு ரகம் நிறைய. 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மஹிந்திரா பொலிரோ பிக்கப் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாதைகளில் எப்போதும் கண்ணில் படுகிற வண்டி. முக்கால் டன்னுக்கு மேல் ஏற்றாதவர் குட்டி யானை அளவு வண்டியைப் பார்த்தாலே போதும், விலை பாதிதான் வரும். நான் ஏற்றுவது ஒன்றேகால் டன், மலையும் உண்டு. அதனால் பெரிய பிக்கப்தான் சரி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது புதிது எடுப்பவர்களுக்கு நல்ல காலம். கட்டின ஜி.எஸ்.டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்று கடை வைத்திருக்கும் நண்பர் சொன்னார். அவருக்குச் சரி. காய்கறிக்கு வரியே கிடையாது என்பதால் காய் மட்டும் வியாபாரம் பண்ணுகிற என்னைப் போன்றவருக்கு அந்த வழி இல்லை.

ரோட்டில் இறங்க 10,20,000. பழைய வண்டியைக் கொடுத்து 1,90,000, கையிலிருந்து 30,000, மீதி எட்டு லட்சம் ஃபைனான்ஸ். 11 சதவீத வட்டியில் அறுபது மாதம் என்றால் டியூ மாதம் 17,394 ரூபாய். முடிகிறபோது கட்டியிருக்கும் மொத்தத் தொகை 10,43,640.

மாதம் 2,400 கிலோமீட்டர், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்து மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ரிப்பேர் செலவை முப்பத்தாறு மாதத்துக்குப் பிரித்திருக்கிறேன். எல்லாம் மாதக் கணக்கு, ரூபாயில்.

| | இப்படியே ஓட்டினால் | இன்ஜின் கட்டினால் | புது வண்டி |
|---|---|---|---|
| ரிப்பேர் பங்கு / டியூ | 0 | 5,000 | 17,394 |
| டீசல் (10, 12, 13.5 கி.மீ மைலேஜ்) | 22,080 | 18,400 | 16,356 |
| சில்லறைப் பராமரிப்பு | 6,500 | 4,000 | 1,200 |
| நிற்கிற நாளுக்கு வாடகை வண்டி | 5,367 | 1,867 | 700 |
| இன்சூரன்ஸ் | 1,337 | 1,337 | 3,250 |
| எஃப்.சி சார்ந்த செலவு | 1,000 | 1,000 | 0 |
| மொத்தம் | 36,284 | 31,604 | 38,900 |

நிற்கிற நாள் வருஷத்துக்கு 23, 8, 3 என்று எடுத்திருக்கிறேன். முதல் எண் நடந்தது, மற்ற இரண்டும் என் அனுமானம்.

இந்தக் கணக்கில் என்னை உலுக்கியது 'இப்படியே ஓட்டினால்' என்கிற பக்கம்தான். ஒன்றும் செய்யாமல், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டு போனதற்கு நான் மாதம் 36,284 கொடுத்துக்கொண்டிருந்தேன். புது வண்டிக்கும் அதற்கும் வித்தியாசம் 2,616 ரூபாய்தான். டியூ என்று ஒரு தேதியில் மொத்தமாகப் போனால் வலிக்கிறது. டீசலாக, ஆயிலாக, வாடகை வண்டியாகச் சில்லறையில் கசிந்தால் வலி தெரிவதில்லை. உங்கள் வண்டிக்கும் ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். டீசல் ரசீதையும் வண்டி நின்ற தேதியையும் மட்டும் எழுதினாலே போதும்.

இன்ஜின் கட்டுவதற்கும் புதிதுக்கும் நடுவே வித்தியாசம் மாதம் 7,296. புதிதின் பக்கம் நியாயமாகச் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்று வருஷம் கழித்து அதை ஆறு லட்சத்துக்கு விற்றால், அப்போது பாக்கி இருக்கும் கடன் சுமார் 3,73,000 போக, கையில் 2,27,000 மிஞ்சும். என் பழைய வண்டி அன்றைக்கு 1,20,000 போனால் பெரிது. இந்தத் தொகையையும், முன்பணமாகக் கொடுக்கும் 30,000-ஐயும் சேர்த்துக் கழித்தால் உண்மையான வித்தியாசம் மாதம் ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த ஐயாயிரத்துக்குப் புது வண்டி எனக்கு என்ன தரும் என்பதுதான் மிச்சக் கேள்வி.

இன்சூரன்ஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஏழரை டன்னுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022-இல் நிர்ணயித்தபடி 16,049 ரூபாய். வண்டி நேற்று வாங்கியதா, பதினாலு வருஷம் ஆனதா என்று அது பார்ப்பதில்லை. கூடுவது சொந்த வண்டிக்கான பாதுகாப்புத் தொகைதான். ஃபைனான்ஸில் எடுத்த வண்டிக்குக் கடன் முடிகிற வரை அதையும் சேர்த்துத்தான் போட வேண்டியிருக்கும்.

எஃப்.சி பழைய வண்டிக்காரனுக்கு வருஷா வருஷம் வருகிற பரீட்சை. புது வண்டிக்கு முதல் இரண்டு வருஷம் கவலை இல்லை. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. எட்டைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒரு தடவை சோதனைக்கு நிறுத்த வேண்டும். பசுமை வரியும் உண்டு. பதினைந்தைத் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி கட்டணம் பல மடங்கு கூடுகிறது. எங்கள் வண்டி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. டெல்லியில் பத்து வருஷ டீசல் வண்டிக்குக் கொண்டுவந்தது போன்ற தடை தமிழ்நாட்டில் இல்லை, பதினைந்து வருஷம் ஆனதும் உடைத்துத்தான் ஆக வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். எஃப்.சி கிடைக்கிற வரை ஓட்டலாம். பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கினால் புது வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது. ஆனால் ஓடுகிற நிலையில் இருக்கிற வண்டியை உடைக்கக் கொடுத்தால் விற்கிற விலையில் பாதிகூட வராது. சேசிஸ் போனவர்களுக்குத்தான் அந்தச் சலுகை பிரயோஜனம்.

அப்புறம் பி.எஸ் 6 என்கிற புதிய புகை விதி விஷயம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலும் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து சுத்தமாக வேண்டுமானால் வண்டி நல்ல சூட்டில் தொடர்ந்து கொஞ்ச தூரம் ஓட வேண்டும். என் வண்டியின் நாள் எப்படி? தோட்டத்தில் பெட்டி ஏற்றும்வரை நிற்கும், பத்து கிலோமீட்டர் ஓடும், மார்க்கெட் வாசலில் முக்கால் மணி நேரம் வரிசையில் அங்குலம் அங்குலமாக நகரும். வடிகட்டி அடைவதற்கு இதைவிடத் தோதான ஓட்டம் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் பைபாஸில் விட்டு எடுத்தால் சமாளிக்கலாம், சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி மலைப்பாதையில் நின்றால் ஒரு ஸ்பேனரும் ஒரு டீசல் பைப்பும் இருந்தால் வீடு வந்து சேரலாம். புகை குறைவது ஊருக்கு நல்லது, அதை நான் மறுக்கவில்லை. பி.எஸ் 6 வண்டியின் பின்னால் பைக்கில் போய்ப் பார்த்திருக்கிறேன், மூச்சு முட்டுவதில்லை. புதிதின் பக்கத்தில் என் மனசு சாய்ந்த இடம் அதுதான்.

நடுவழியாக ஐந்தாறு வருஷம் ஆன செகண்ட் ஹேண்ட் வண்டியையும் இரண்டு பார்த்தேன். விலை ஐந்து லட்சத்துக்கு மேல், பழைய வண்டிக் கடனுக்கு வட்டியும் கூடுதல். என் வண்டியின் குறை எனக்குத் தெரியும், அடுத்தவர் வண்டியின் குறை வாங்கிய பிறகுதான் தெரியும். விட்டுவிட்டேன்.

என் மச்சானுக்கு இதே கணக்கு நேர் எதிராக வந்தது. அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி எர்ணாகுளம் லோடு அடிப்பவர். மாதம் ஏழாயிரம் கிலோமீட்டர். மைலேஜ் வித்தியாசம் எனக்கு மாதம் 2,044 ரூபாய் என்றால் அவருக்குக் கிட்டத்தட்ட ஆறாயிரம். அவர் வண்டி பாலக்காட்டில் நடுராத்திரி நின்றால் ஒரு டன் தக்காளி விடியற்காலை மார்க்கெட்டைத் தவறவிடும், அந்தக் கடைக்காரர் மறுநாள் வேறு வண்டிக்குப் போன் பண்ணிவிடுவார். நெடுந்தூரம் ஒரே வேகத்தில் ஓடுவதால் கரி வடிகட்டித் தொல்லையும் அவருக்கு இல்லை. "நீங்க யோசிக்கவே வேணாம் மாப்ள, டியூ போட்டு எடுத்துருங்க" என்று நானே அவரை ஷோரூமுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவருடைய பழைய வண்டிக்கு ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது, என்னுடையதுக்கு பதினாலு. வயது குறைந்த வண்டியை மாற்றச் சொன்னேன், வயது கூடியதை நான் வைத்துக்கொண்டேன். வருஷத்தைப் பார்க்காமல் கிலோமீட்டரையும் நிற்கிற நாளின் நஷ்டத்தையும் பார்த்ததால் வந்த முடிவு அது. என் வண்டி நின்றால் ஒரு போனில் 2,800 ரூபாய்க்கு இன்னொரு வண்டி வந்துவிடும். அவருக்கு அந்த வசதி வாளையாறு தாண்டினால் கிடையாது.

நான் இன்ஜின் கட்டினேன். பதினோரு நாள் ஆயிற்று. லேத்தில் போர் போட்டு வந்த பிளாக்கில் மெக்கானிக் தம்பி விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பார்த்து, எனக்கும் தடவக் கொடுத்தார். பழைய போரில் மேல் விளிம்பில் நகம் தட்டிய மேடு இப்போது இல்லை, கோயில் மணியின் உட்புறம் மாதிரி வழவழப்பு. முதல் ஆயிரம் கிலோமீட்டர் அரை லோடுதான், மலை ஏற்றவில்லை. அதற்கப்புறம் ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டைச் சரிபார்த்துத் தாண்டிக்குடிக்கு விட்டோம். மூன்றாவது கியரில் ஏறியது. இப்போது மைலேஜ் 12-க்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. நான் போட்ட கணக்கைவிட லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் கம்மி, அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

டியூ கட்டாமல் மிஞ்சுகிற பணத்தில் மாதம் ஏழாயிரம் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டியில் போகிறது. மூன்று வருஷத்தில் வட்டி இல்லாமலே 2,52,000. அடுத்த வண்டிக்கு முன்பணம் அது. அந்தப் பணத்தைக் கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இது இல்லாமல் இன்ஜின் மட்டும் கட்டியிருந்தால், மூன்று வருஷம் கழித்து மறுபடி பழைய வண்டியும் வெறுங்கையுமாகத்தான் நின்றிருப்பேன்.

எஃப்.சி மாசியில் வருகிறது. அதற்கு முந்தின வாரம் அதே சாக்கை விரித்து, இடது பின் பட்டை பிராக்கெட் பக்கம் மறுபடி சுத்தியலால் தட்டப் போகிறோம். சுரண்டின இடத்தில் ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறது. ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினால் ஆர்.டியில் இருக்கிற பணத்தோடு ஷோரூமுக்குப் போவேன்.